தக்காளியும் மிளகாயும் இல்லாத மதுரை அடுப்படி

தங்கச்சி, டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார். இதே தாள் என் கையிலும் ஒருநாள் இருந்தது. எனக்கு முடக்குவாதம் என்று உறுதியாகி நாலாவது மாதம் அது. அரிசி, கோதுமை, கம்பு, பருப்பு, பால், தயிர், நெய், முட்டை, எள், கடலை, முந்திரி, கடுகு, சீரகம், மல்லி விதை, மிளகாய், தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, காப்பி என்று வரிசையாக அடித்திருந்தார்கள். மறுநாள் காலை அண்ணா நகர் உழவர் சந்தையில் பையோடு நின்றேன். 1999 நவம்பர் 14-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்த இடம். அந்த வருஷத்திலிருந்து அங்கேதான் காய் வாங்குகிறேன். அன்றைக்கு எந்தக் கடை முன்னால் நிற்பது என்றே தெரியவில்லை. ஒரு கட்டுக் கொத்தமல்லி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பத்து நாள் வேகவைத்த கேரட்டும் பீட்ரூட்டுமாக ஓட்டினேன். உடம்பு தாங்கியது, மனசு தாங்கவில்லை. பிறகு ஒருநாள் அம்மா வந்து சும்மா சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தேங்காய் எண்ணெயில் வதக்கி, புடலங்காயைப் போட்டு, தேங்காய் துருவித் தூவிக் கொடுத்தாள். ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். தாளில் அடித்திருப்பது பொருள்களை மட்டும்தான். வதக்குகிற பதம், தேங்காய் அரைக்கிற விதம், கறிவேப்பிலை போடுகிற நேரம், புளியின் அளவு, இதையெல்லாம் யாரும் அடிக்கவில்லை. நம் சமையலின் ருசியில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பாதியைப் பற்றித்தான்.

அதற்கு முன் மருந்தைப் பற்றி

ஆட்டோ இம்யூன் புரோட்டோகால் என்று இந்த முறைக்குப் பெயர். ஏஐபி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சில வாரம் சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, எது நம் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிப்பது. அவ்வளவுதான். 2017-இல் அமெரிக்காவில் குடல் அழற்சி நோய் உள்ள 15 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் 11 பேருக்கு நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. 2019-இல் ஹாஷிமோட்டோ தைராய்டு உள்ள 16 பெண்கள் பத்து வாரம் செய்து முடித்தார்கள். தெம்பு கூடியது, ரத்தத்தில் அழற்சி அளவு குறைந்தது. ஆனால் தைராய்டு எண்களில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டுமே சின்ன ஆய்வுகள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. அதனால் இதை மருந்துக்குப் பதில் என்று நினைத்துவிடாதே. வாரம் ஒருநாள் போடும் மெத்தோட்ரெக்ஸேட், அதோடு கொடுக்கும் ஃபோலிக் ஆசிட், ரத்தப் பரிசோதனை, எதையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்தியம் இருந்தவர்களின் விரல் எலும்பு கோணிப்போனதை வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். அப்படிக் கோணியது திரும்ப நேராவதில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் அளவு தப்பிப்போகும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு வாழைக்காயும் தேங்காயும் இளநீரும் கட்டுப்பாடு இல்லாமல் ஆகாது. கர்ப்பிணிகள், பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள் இந்தப் பக்கமே தனியாக வரக்கூடாது. சுத்த சைவமாக இருந்தால் இன்னும் யோசி. பருப்பு, பால், முட்டை மூன்றும் போனால் புரதத்துக்கு வழி இல்லை. அவர்களுக்கு டயட்டீஷியன் தளர்த்தித்தான் கொடுக்க வேண்டும். நாம் மீன் சாப்பிடுகிற வீடு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் அயிரையும் நிறுத்திய பாலுக்குக் கொஞ்சம் ஈடு.

கத்தரிக் குடும்பம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய், உருளை ஐந்தும் ஒரே குடும்பம் என்பது தாளில் இருக்கும். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் இல்லாதது ஒன்று உண்டு. சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை மூன்றும் அதே கத்தரிக் குடும்பம்தான். உடம்புக்கு நல்லது என்று வயிற்றுப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையும், சளிக்குத் தூதுவளை ரசமும் கொடுத்துப் பழகிய வீடு நம் வீடு. மூன்று வாரம் எல்லாம் சரியாகக் கடைப்பிடித்துவிட்டு, வற்றல் குழம்பில் சுண்டை வற்றலைப் போட்டுச் சாப்பிட்டேன். பழகிய பொருள் என்பதால் சந்தேகமே வரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் தெம்புக்கு என்று கொடுக்கும் அமுக்கராவும் அந்தக் குடும்பம். மூட்டு வலிக்கு நல்லது என்று யாராவது வாங்கி வந்தால் இந்த வாரங்களில் அதை டப்பாவோடு மூடி வை.

சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் உருளைக்கும் சம்பந்தம் இல்லை, தாராளமாகச் சாப்பிடு. கோவைக்காய் வெள்ளரி இனம். சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எதுவும் அந்தக் குடும்பம் இல்லை. மிளகும் இல்லை. ஆனால் மிளகைக் கடுமையான முதல் கட்டத்தில் நிறுத்தச் சொல்வார்கள், முதலில் திரும்பச் சேர்க்கும் சாமான்களில் அதுவும் ஒன்று. உன் டயட்டீஷியன் என்ன சொன்னார் என்று பார்த்துக்கொள்.

பெருங்காயத்தில் ஏமாந்துபோகாதே. பெருங்காயம் பிசின்தான், ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. குழம்புப் பொடி, சாம்பார் பொடி, கறி மசாலா எல்லாவற்றையும் இந்த வாரங்களில் மேல் தட்டுக்கு ஏற்றிவிடு. கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி விழுந்துவிடும்.

சிவப்பும் புளிப்பும் காரமும்

மிளகாய், தக்காளி, உருளை மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுகீசியர் கடல் வழியாக வந்த பிறகுதான் நம் நாட்டுக்கே வந்தன. மிளகைப் போலக் காரம் உள்ள காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயரே விழுந்தது. அதற்கு முன்னால் மதுரையில் யாரும் ருசியில்லாமல் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் திவசச் சமையலைப் பார். பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய், தக்காளி, உருளை, பெருங்காயம் எதுவும் அடுப்படிக்குள் வராது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, இஞ்சி, கறிவேப்பிலையை வைத்தே ஒரு முழு இலைச் சாப்பாடு போடுவார்கள். என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டு மாமியிடம் உட்கார்ந்து அந்தக் கறிகளை எப்படி வதக்குகிறார் என்று பார்த்தேன். பருப்பும் மிளகும் சீரகமும் நெய்யும் அங்கே உண்டு, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தக்காளி இல்லாமல் கை நடுங்குகிற பயம் அன்றோடு போயிற்று.

குழம்புக்கு நான் வைத்துக்கொண்ட அடி விழுது இது. கேரட் மூன்று, பீட்ரூட் சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்று, சின்ன வெங்காயம் இரண்டு கை, பூண்டு பத்துப் பல், இஞ்சி ஒரு விரல் நீளம். வெங்காயத்தையும் பூண்டையும் தேங்காய் எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்கு, இதில் அவசரப்படாதே. மற்றதைப் போட்டு மூடி வேகவை. ஆறியபின் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள், உப்பு சேர்த்து மைய அரை. பீட்ரூட் கூடிவிட்டால் இனிப்புத் தட்டும், நிறமும் குழம்பு நிறமாக இருக்காது. அந்தத் துண்டுக்கு மேல் போடாதே. தக்காளி கொடுக்கும் சிவப்பும் குழைவும் புளிப்பும் இதில் வந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அரைத்து, பாதியைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஃப்ரீசரில் வைத்துக்கொள்.

காரத்துக்கு இஞ்சி, பச்சைப் பூண்டு, கிராம்பு. பூண்டை மட்டும் நல்லதாக வாங்கு. புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் விடாதே, அதன் காட்டமே தனி. சால்னா வாசனை இல்லாமல் மதுரைக்காரிக்குச் சாப்பாடு இறங்காது என்று எனக்குத் தெரியும். சால்னாவின் உயிர் சோம்பு, அது விதை, இப்போது ஆகாது. ஆனால் பட்டை மரப்பட்டை, கிராம்பு மொட்டு, பிரிஞ்சி இலை இலைதான், ஜாதிபத்திரி கொட்டையைச் சுற்றியிருக்கும் மேல் தோல், கல்பாசி பாறையிலும் மரத்திலும் படர்வது. இவற்றில் விதை எதுவும் இல்லை. கல்பாசி ஒரு சிட்டிகை, பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு எண்ணெயில் பொரித்து, மேலே சொன்ன விழுதை ஊற்றி, இரண்டாம் தேங்காய்ப் பாலில் சுரைக்காயும் கேரட்டும் வேகவிட்டு, இறக்கும்போது முதல் பாலை ஊற்று. புதினாவைக் கிள்ளிப் போடு. முதல் தடவை இதை வைத்தபோது மாடியில் இருந்த மகன் என்ன கறிக் குழம்பா என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

கடுகு வெடிக்காத தாளிப்பு

கடுகும் உளுந்தும் இல்லாமல் தாளிப்பது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாளிப்பு என்பது எண்ணெயில் வாசனையை இறக்குவதுதான். செக்குத் தேங்காய் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, சீவிய பூண்டை முதலில் போடு. பொன்னிறம் வந்ததும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். அது கண்ணாடிபோல் ஆனபின் இஞ்சித் துருவல். கறிவேப்பிலையை ஈரம் துடைத்து, கடைசியாகப் போட்டு மொறுமொறுவென்று ஆனதும் அடுப்பை அணை. முதலிலேயே கறிவேப்பிலையைப் போட்டால் வெங்காயத்தின் ஈரத்தில் வதங்கிக் கிடக்கும், வாசனை வராது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இல்லாதது எனக்கு ரொம்ப நாள் குறையாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தேங்காய் எண்ணெய் வாசனை பிடிக்காவிட்டால் எண்ணெயிலேயே கொஞ்சம் இஞ்சியும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சி வைத்துக்கொள், பழகிவிடும்.

கூட்டுக்குப் பருப்பு தருகிற கெட்டித்தன்மையை வெந்த சேப்பங்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்தாலே பெறலாம். மஞ்சள் பூசணியும் அந்த வேலையைச் செய்யும். பீர்க்கங்காய், சுரைக்காய், வெள்ளைப் பூசணி, சௌசௌ எதிலும் இந்தக் கூட்டு வைக்கலாம். அவியலில் அவரையும் கொத்தவரையும் பயறு இனம் என்பதால் இப்போது வேண்டாம். சேனை, வாழைக்காய், பூசணி, கேரட், மாங்காய் போதும். தயிர் இடத்தில் மாங்காயின் புளிப்பு நிற்கும். தேங்காயோடு பச்சை மிளகாய்க்குப் பதில் இஞ்சியும் பத்துக் கறிவேப்பிலையும் வைத்துக் கொரகொரவென்று அரை. கீரையில் அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை எல்லாம் சரி. பருப்பில்லாமல் பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்து, கடைசியில் தேங்காய்ப் பால் ஒரு கரண்டி விட்டால் போதும்.

வெயிலில் மோர் இல்லாமல் எப்படி என்பாய். நீர்த்த தேங்காய்ப் பாலில் எலுமிச்சை பிழிந்து, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்புச் சேர்த்துக் குளிர வைத்துக் குடி. சித்திரையில் எனக்கு உயிர் கொடுத்தது இதுதான். பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் இப்போது நமக்கு இல்லை. ஒன்று விதை, இன்னொன்று பால்.

சோற்றுக்குப் பதில்

தட்டில் சோறு இருந்த இடம் காலியாக இருப்பதுதான் இந்தப் பத்தியத்தில் பெரிய வேதனை. அந்த இடத்துக்கு நான் முதலில் கொண்டுவந்தது மொந்தன் வாழைக்காய். பரவை மார்க்கெட்டிலும் சரி, சோழவந்தான் பக்கத்திலிருந்து வரும் தோட்டக்காரர்களிடமும் சரி, முற்றின காயாகக் கேட்டு வாங்கு. தோலோடு இரண்டாக வெட்டி, முக்கால் பதம் வேகவைத்து, ஆறியபின் தோலை உரித்துத் துருவு. முழுக்க வெந்தால் கொழகொழப்பாகிவிடும். துருவலை மேலே சொன்ன தாளிப்பில் போட்டு, தேங்காய்ப்பூ தூவி நாலு புரட்டுப் புரட்டு. உதிரியாக நிற்கும், குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம். பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, உப்பு, இஞ்சி, கொஞ்சம் தேங்காய்ப் பாலோடு அரைத்தால் அடையாகவும் ஊற்றலாம். தோசைபோல் மெல்லிசாக வராது. கனமாக ஊற்றி, மூடி வைத்து, நிதானமாகத் திருப்பு.

மரவள்ளியை ஒருபோதும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வாயில் வைக்காதே. தோலையும் அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தோலையும் நன்றாகச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. அதில் இருக்கும் விஷம் அப்படித்தான் போகும். சேனை அரித்தால் புளித்தண்ணீரில் வேகவை.

கை வலிக்கிறவளுக்காக

இதைத்தான் எந்தக் குறிப்பிலும் யாரும் எழுதுவதில்லை. இந்தப் பத்தியம் முழுக்க நறுக்கலும் துருவலும் அரைத்தலும். முடக்குவாதம் உள்ளவளுக்குக் காலையில் விரல் மடங்காது, ஒரு தேங்காயைத் துருவுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் காலையில் கத்தியைத் தொடாதே. விறைப்பு விட்டபிறகு, பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து மறுநாளைக்கும் சேர்த்து நறுக்கி வை. தேங்காயைத் துருவாதே, ஓட்டைத் தட்டி, பத்தையாக எடுத்து மிக்ஸியில் போடு, அதுவே துருவலாகிவிடும். சின்ன வெங்காயத்தைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். சேனையைக் கடையிலேயே தோல் சீவித் துண்டாக்கித் தரச் சொல், வழக்கமாகக் காய் வாங்குகிற கடை என்றால் செய்து தருவார்கள். வாழைக்காயைத் தோலோடு வேகவைக்கச் சொன்னதும் அதற்காகத்தான், வெந்த தோல் விரலால் உரியும். இரும்புக் கல்லை ஒரு கையால் தூக்காதே. இரண்டு பக்கமும் பிடி உள்ள பாத்திரங்களை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் வை. வாழைப்பூ ஆய்வதை, கீரை ஆய்வதை வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான். கேட்கத் தயங்கினால் வலி உனக்குத்தான்.

தனியாக உனக்கு மட்டும் ஒரு அடுப்பு என்று ஆரம்பித்தால் ரெண்டே வாரத்தில் ஓய்ந்துபோவாய். காயும் குழம்பும் எல்லோருக்கும் உன் முறைப்படியே வை. அவர்கள் தட்டில் சோறும், மேலே ஒரு தாளித்த மிளகாயும் சேர்ந்துகொள்ளட்டும்.

கல்யாண வீட்டுக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. இலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொன்னால் பரிமாறுகிறவர்களுக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம். ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று பெரியம்மா சொன்னால் நோயை விளக்கிக்கொண்டு நிற்காதே. மருந்து சாப்பிடுகிறேன் பெரியம்மா, டாக்டர் ஆறு வாரம் கெடு வைத்திருக்கிறார் என்று சொல். கெடு என்றால் நம் ஆட்கள் மதிப்பார்கள்.

திரும்பச் சேர்க்கிற நாள்

பலரும் தவறுவது இங்கேதான். உடம்பு லேசானதும் பயந்துபோய் அப்படியே வருஷக்கணக்கில் தொடர்கிறார்கள். சத்துக் குறைந்து முடி கொட்டி, தெம்பு போய் வந்து நிற்கிறார்கள். ஆறு வாரம், அதிகம் போனால் டாக்டர் சொல்கிற வாரம், அதற்குமேல் கூடாது. இன்னொரு கூட்டம் ஒரே நாளில் பிரியாணியில் உட்கார்ந்துவிடுகிறது; எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு எப்படித் தெரியும்?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். காலையில் அரை ஸ்பூன், ஒன்றும் இல்லையென்றால் மதியம் கொஞ்சம் கூட. பிறகு அதை நிறுத்திவிட்டு ஐந்தாறு நாள் கவனி. காலையில் விரல் விறைப்பு எத்தனை நிமிஷம், தூக்கம், வயிறு, தோல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. நெய், முட்டை மஞ்சள் கரு, சீரகம், மிளகு, நல்லெண்ணெய், அவரைக்காய் இவையெல்லாம் முன்னால் வருபவை. தக்காளி, மிளகாய், உருளை, அரிசி, பால் கடைசி வரிசை. காய்ச்சல், பயணம், வீட்டு விசேஷம் இருக்கிற வாரத்தில் எதையும் சேர்க்காதே, கணக்குக் குழம்பிவிடும்.

எனக்கு முதலில் வந்தது சீரகம். ஒரு ஸ்பூனை வாணலியில் போட்டு வறுத்தபோது வாசனை கூடம் வரைக்கும் போயிற்று, அம்மா கட்டிலில் இருந்து எழுந்து வந்துவிட்டாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசியும் பிறகு திரும்பி வந்தது. மிளகாய் வற்றலைச் சேர்த்த மூன்றாம் நாள் விரல் கணு இரண்டு வீங்கியது. இரண்டு மாதம் விட்டு மறுபடி பார்த்தேன், மறுபடி வீங்கியது. அதை விட்டுவிட்டேன். உனக்கு மிளகாய் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், பாலில் சிக்கல் இருக்கலாம். அதனால் என் நோட்டைக் கேட்காதே, உனக்கென்று ஒன்று வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போகிறேன். ஆறு மணிக்கே வாசலில் நில், வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். பெரிய பை ஒன்று எடுத்துவா, தோளில் மாட்டுகிற பை. கையில் தூக்காதே.